எல்லை கண்ட சந்திரசேகர்

விண்மீன்கள் பிறக்கின்றன, நெடுங்காலம் ஒளி வீசுகின்றன, ஒரு நாள் அவையும் மடிகின்றன. மடிந்த விண்மீன் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை காணும் வழியில், இருபது வயது நிரம்பும் முன்னரே பெரியதோர் அடி எடுத்து வைத்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் கண்ட விடையை அறிஞர் அவை ஒன்று சிரித்துத் தள்ளியது. இன்றோ, மடிந்த விண்மீன்கள் இரண்டு மோதிக் கலக்கும்போது எழும் ஈர்ப்பலைகளைப் பூமியில் இருந்தபடியே பதிவு செய்கிறோம். அவ்வலைகள் கொண்டுவரும் செய்தியில் சந்திரசேகரின் கணக்கு இரண்டு இடங்களில் வந்து நிற்கிறது. ஒன்று, மோதும் பொருள்களின் பிறப்பில். மற்றொன்று, மோதல் ஓய்ந்தபின் எழும் இறுதி அதிர்வில். ஒன்று அவருடைய இளமையின் உழைப்பு. மற்றது முதுமையின் உழைப்பு. அவர் வாழ்க்கையைச் சொல்லி, அவ்விரண்டையும் சுட்டிக் காட்டுவதே என் நோக்கம். நான் முதுகலை வகுப்பில் பௌதிகம் பயில்பவன். ஆகவே இடையிடையே கணக்கைப் பற்றியும் சிறிது பேச நேரும். கலைப் பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க.

சந்திரசேகர் 1910 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர்ந்த அலுவல் பார்த்தவர். அவ்வலுவல் காரணமாகவே குடும்பம் பஞ்சாபில் வாழ்ந்தது. நம்மில் சிலரைப் போல அவரும் தமிழகத்துக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பிள்ளைதான். 1918 இல் குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தாயார் சீதாலட்சுமி அம்மையார் நூலறிவு மிக்கவர். இப்ஸன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். தந்தையாரின் இளவல்தான் சர் சி. வி. இராமன். ஆகவே கல்வியின் மணம் வீட்டிலேயே கமழ்ந்தது எனலாம்.

பன்னிரண்டு வயது வரை சந்திரசேகர் வீட்டிலேயே பாடம் கற்றார். பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகன் ஐ.சி.எஸ். எழுதி அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ கணிதத்திலும் பௌதிகத்திலும் தோய்ந்திருந்தது. மனத்துக்குப் பிடித்ததையே படிக்கட்டும் என்று தாயார் துணை நின்றார்.

1928 இல் ஜெர்மானியப் பேரறிஞர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய அணு நூலைத் தாமே முயன்று கற்றிருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைக் கண்டார். அந்த நூலில் உள்ளவை பழமையாகிவிட்டன, குவாண்டம் கொள்கை புதிய பாதையில் வெகுதூரம் போய்விட்டது என்று சாமர்ஃபெல்ட் எடுத்துரைத்தார். அரும்பாடுபட்டுக் கற்றது பழங்கதை ஆயிற்றே என்று மாணவர் சோர்ந்து விடவில்லை. சாமர்ஃபெல்ட் கொடுத்த அச்சுப்படிகளை வாங்கி வந்து புதிய கொள்கையைக் கற்றார். கற்றதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலரின் துணையால் அக்கட்டுரை 1929 இல் இலண்டன் இராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. கல்லூரிப் படிப்பு அப்போது முடிந்திருக்கவில்லை. அந்நாளில் கட்டுரைப் போட்டி ஒன்றில் அவருக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. அது விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி எடிங்டன் எழுதிய புகழ்பெற்ற நூல். எடிங்டன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930 இல் அரசாங்க உதவிச் சம்பளம் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் செல்ல வேண்டும். தாயாரோ நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். இந்நிலையில் மகன் கடல் கடப்பது தகாது என்று உறவினர் கருதினர். போய் வா என்று வற்புறுத்தியவர் அத்தாயே. ஜூலை 31 ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரசேகர். இருபதாம் பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

அந்தக் கப்பலில்தான் அவருடைய பெயரை நிலைநாட்டிய கணக்குப் பிறந்தது. அதனை இயன்ற அளவு எளிதாகச் சொல்கிறேன்.

ஞாயிறு போன்ற ஒரு விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி, ஏறத்தாழப் பூமியின் அளவே உள்ள ஓர் உருண்டை ஆகிவிடுகிறது. அதற்கு வெண்குறுமீன் என்று பெயர். அதில் ஒரு தீப்பெட்டி அளவு பொருளை எடுத்தால் பல டன் எடை இருக்கும். இத்துணை அடர்த்தியான பொருள் தன் எடையாலேயே மேலும் நொறுங்கிப் போகாமல் நிற்பது எப்படி? 1926 இல் ஃபௌலர் விடை கூறினார். விடுமுறைக்குச் சென்னை செல்லும் ரயிலை எண்ணிப் பாருங்கள். ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான். கீழ்த்தட்டு நிரம்பிவிட்டால் பின்னர் வருபவர் மேல்தட்டுக்கு ஏறியே ஆக வேண்டும். எலெக்ட்ரான்களுக்கும் அத்தகைய விதி உண்டு. நெருக்க நெருக்க அவை மேலும் மேலும் உயர்ந்த ஆற்றல் தட்டுகளுக்கு ஏறுகின்றன. ஏறியவை மிகுந்த வேகத்துடன் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் அழுத்தமே விண்மீனைத் தாங்கி நிற்கிறது. ஆகவே எந்த விண்மீனும் இறுதியில் வெண்குறுமீனாக அமைதி பெறும் என்று அறிஞர்கள் நம்பினர்.

சந்திரசேகர் ஒன்றைக் கவனித்தார். அடர்த்தி மிகும்போது எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டுமன்றோ? ஒளியின் வேகத்தை எதுவும் மீற முடியாது. எனவே ஒரு கட்டத்துக்குமேல், எவ்வளவு நெருக்கினாலும் அழுத்தம் முன்போல் உயர்வதில்லை. நிறை ஓர் அளவைத் தாண்டினால் எடை வெல்கிறது, அழுத்தம் தோற்கிறது. விண்மீன் நொறுங்கத் தொடங்குகிறது. அந்த அளவே சந்திரசேகர் எல்லை என இன்று வழங்குவது. 1931 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், விண்மீனின் உட்பொருள் குறித்து அன்று இருந்த கருத்தின்படி, அது ஞாயிற்றின் நிறையில் 0.91 பங்கு என வந்தது. பின்னர்த் திருத்தமாக 1.4 மடங்கு என நிலைபெற்றது. இங்கிலாந்தில் ஸ்டோனர் என்பவரும் அதே காலத்தில் வேறு வழியாக இத்தகைய ஓர் எல்லையை அடைந்தார் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும் என்னும் கேள்விதான் எல்லோரையும் கலங்க வைத்தது. கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் டிரினிடி கல்லூரி உறுப்பினர் பதவியும் பெற்ற சந்திரசேகர், தம் கணக்கை முழுமையாக்கி, 1935 ஜனவரி 11 ஆம் நாள் இலண்டனில் இராயல் வானியற் கழகக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். எடிங்டன் அக்காலத்து வானியற் பௌதிகத்தின் தலைமகன். சந்திரசேகரின் கணக்கு வளர்ந்ததை அருகிருந்து பார்த்து வந்தவர். பலமுறை கூடிப் பேசியவர். ஆனால் தம் மறுப்பை ஒரு நாளும் வெளியிட்டதில்லை. சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எடிங்டன் எழுந்தார். கணக்கின் அடிப்படையே பிழை என்றார். விண்மீன் ஒன்று ஒளிகூட வெளியேற முடியாதபடி சுருங்கிப்போவது அறிவுக்கு ஒவ்வாது, இயற்கையில் அதைத் தடுக்க ஒரு விதி இருந்தே தீரும் என்று வாதித்தார். அவை சிரித்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் மறுமொழி கூற வாய்ப்பின்றி நின்றார்.

இந்த நிகழ்ச்சியில் எடிங்டனைக் குறை சொல்லுவோர் பலர். எனக்கோ மற்றவர்கள் மீதுதான் குறை. பாலி, போர் முதலிய பெரும் பௌதிக அறிஞர்கள் சந்திரசேகரின் பக்கமே நியாயம் என்பதை அறிந்திருந்தனர்; தனிமையில் ஒப்புக்கொண்டனர். ஆனால் எவரும் அவையறிய வந்து சொல்லவில்லை. விண்மீனின் நொறுங்கல் பற்றிய ஆராய்ச்சி அதனால் தேங்கியது என்று கருதுவோர் உண்டு. எடிங்டன் பிழைபட்டது மனித இயல்பு. அறிந்தோர் வாய்மூடி இருந்ததை அப்படிச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டைக்கு நிற்கவில்லை, கணக்கைக் கைவிடவும் இல்லை. 1936 இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தம்முடன் பௌதிகம் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937 தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வுக் கூடத்தில் பணி ஏற்றார். விண்மீன் அமைப்பைப் பற்றி 1939 இல் ஒரு பெரிய நூல் எழுதி, அதில் தம் எல்லைக் கணக்கை ஒழுங்குபட எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். எடிங்டனிடம் அவர் பகை பாராட்டவில்லை. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் எடிங்டனைப் போற்றிச் சொற்பொழிவுகளே ஆற்றினார்.

ஒரு துறையில் புகுந்து, பல ஆண்டுகள் உழைத்து, அதனை முழுமையாக ஒரு நூலில் வடித்துவிட்டு, அடுத்த துறைக்குச் செல்வது அவர் வழக்கம் ஆயிற்று. விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் பரவும் முறை, பாய்பொருள்களின் நிலைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக அரிய நூல்கள் வந்தன. 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிக ஏடு ஒன்றின் ஆசிரியராக இருந்து அதனை உலகத் தரத்துக்கு உயர்த்தினார். ஆசிரியத் தொழிலிலும் அவர் சளைத்தவர் அல்லர். யெர்க்கீஸிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. காரோட்டிச் சிகாகோ சென்று அவர் நடத்திய வகுப்பு ஒன்றில் இருந்த மாணவர் இருவரே என்றும், அவர்கள்தாம் 1957 இல் நோபெல் பரிசு பெற்ற லீயும் யாங்கும் என்றும் கூறுவர்.

ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலுக்கு வந்தார். அந்த வயதில் புதிய துறைக்குள் நுழைவோர் அரியர். ஐன்ஸ்டீன் 1916 இலேயே ஈர்ப்பலைகள் உண்டு என்று கூறியிருந்தார். பெரும் நிறைகள் சுழலும்போது வெளியே அதிர்ந்து, நீண்டும் குறுகியும் அலையாகப் பரவும் என்பது அக்கருத்து. ஆனால் அவ்வலைகள் உண்மையில் ஆற்றலைக் கொண்டு செல்லுமா என்பதில் பல்லாண்டுக் குழப்பம் நிலவியது. 1970 இல் சந்திரசேகர், அலையை வெளிவிடும் பொருள்கள் அதனால் ஆற்றல் இழப்பதை, நியூட்டன் விதிக்குப் படிப்படியாகத் திருத்தம் சேர்த்துக்கொண்டு போகும் முறையில் கணக்கிட்டுக் காட்டினார். 1974 இல் ஹல்ஸும் டெய்லரும் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் சுற்றுப்பாதை சுருங்கியது. சுருங்கிய அளவு ஐன்ஸ்டீனின் கொள்கையோடு பொருந்தியது. அலை கையில் அகப்படாவிடினும் அது எடுத்துச் சென்ற ஆற்றலுக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. சந்திரசேகர் இதனைக் காண வாழ்ந்திருந்தார்.

அதன்பின் அவர் கருந்துளைகளை எடுத்துக்கொண்டார். 1935 இல் நடக்கவே நடக்காது என்று தள்ளப்பட்ட அதே பொருள்களே இவை. கோயில் மணியை அடித்தால் அது தனக்கே உரிய ஓசையில் ஒலித்து அடங்குகிறது அல்லவா? ஓசையைக் கேட்டே மணியின் அளவை ஊகிக்கலாம். கலங்கிய கருந்துளையும் அவ்வாறே தனக்குரிய அதிர்வில் சிறிது ஒலித்து அடங்கும் என்பதை 1970 இல் காட்டியவர், பின்னாளில் பெங்களூரில் பணியாற்றிய விசுவேசுவரா. சுழலாத கருந்துளைக்கு அவ்வதிர்வுகளின் அளவுகளை 1975 இல் சந்திரசேகரும் டெட்வைலரும் கணக்கிட்டனர். கருந்துளைகளின் கணிதம் பற்றி அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அவருடைய நூல் 1983 இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நோபெல் பரிசும் வந்தது. பரிசுரை தம் இளமைப் பணியையே சிறப்பாகச் சுட்டியதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்பர். 1995 ஆகஸ்ட் 21 ஆம் நாள் சிகாகோவில் சந்திரசேகர் மறைந்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 14 ஆம் நாள், அமெரிக்காவில் ஹான்ஃபர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகள் இரண்டும் ஓர் ஈர்ப்பலையை உணர்ந்தன. 4 கி.மீ. நீளமுள்ள கைகளில் ஏற்பட்ட மாற்றம், ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் சில பங்கே. அலை நீடித்ததோ விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் எவ்வளவு செய்தி! அலையின் சுருதி ஏறிய வேகத்திலிருந்து மோதிய பொருள்களின் நிறை தெரிந்தது: ஞாயிற்றைப் போல் 36 மடங்கு ஒன்று, 29 மடங்கு மற்றொன்று. இறுதிக் கட்டத்தில் அவை விநாடிக்கு 75 முறை ஒன்றையொன்று சுற்றின. இடையே இருந்த தொலைவு சில நூறு கி.மீ. மட்டுமே. அத்துணை நிறையை அத்துணைச் சிறிய இடத்தில் அடக்க வேறு எந்தப் பொருளாலும் இயலாது. ஆகவே அவை கருந்துளைகளே. கலந்து பிறந்த கருந்துளையின் நிறை 62 மடங்கு. மீதி 3 ஞாயிறுகளின் நிறை அப்படியே அலையாகிப் பரவி, 130 கோடி ஒளியாண்டுகள் கடந்து நம்மை வந்தடைந்தது.

2017 ஆகஸ்ட் 17 இல் வேறொரு வகை அலை வந்தது. அது 100 விநாடி அளவு நீடித்தது. மோதியவை இரண்டு நியூட்ரான் விண்மீன்கள். ஒவ்வொன்றின் நிறையும் ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.2 முதல் 1.6 மடங்குக்குள். இந்த எண் எங்கோ கேட்டதுபோல் இல்லையா? பெரிய விண்மீனின் நடுவே இரும்பாகிப்போன உட்கருவைத் தாங்கி நிற்பதும் எலெக்ட்ரான் அழுத்தமே. உட்கரு சந்திரசேகர் எல்லையை எட்டியதும் நொறுங்கி நியூட்ரான் விண்மீன் பிறக்கிறது. ஆகவே அவற்றின் நிறை 1.4 ஐ ஒட்டி நிற்பது தற்செயல் அன்று. கப்பலில் போட்ட கணக்கு, 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்த அலையில் எழுதப்பட்டிருந்தது. அலை வந்து 1.7 விநாடியில் காமாக் கதிர்களும், பின்னர் ஒளியும் வந்தன. தங்கம், பிளாட்டினம் போன்ற கனத்த தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அவ்வொளி சான்று தந்தது. நியூட்ரான் விண்மீனின் ஆரம் 12 கி.மீ. அளவே என்பதையும் அலையிலிருந்து அறிந்தனர்.

2025 ஜனவரி 14 இல் பதிவான அலை, அதற்கு முன் வந்த எல்லாவற்றினும் தெளிவானது. கலந்து பிறந்த கருந்துளை ஒலித்து அடங்கியபோது அதன் அதிர்வில் இரண்டு சுருதிகளைப் பிரித்துக் கேட்க முடிந்தது. சுழலும் கருந்துளைக்குக் கொள்கை கூறும் அளவுகளோடு அவை பொருந்தின. சந்திரசேகர் முதுமையில் ஈடுபட்ட துறை இதுவே.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2019 மே 21 இல் வந்த அலை, 85 மடங்கும் 66 மடங்கும் உள்ள கருந்துளைகள் கலந்ததைக் காட்டியது. அத்தனை பெரிய கருந்துளை ஒரு விண்மீனின் மடிவில் நேரே பிறப்பது அரிது என்கிறது இன்றைய கொள்கை. அப்படியானால் அது எங்ஙனம் பிறந்தது? நியூட்ரான் விண்மீனுக்கும் ஒரு நிறை எல்லை உண்டு. அதன் சரியான அளவு இன்னும் முடிவாகவில்லை. சந்திரசேகர் தம் எல்லையைக் கண்டது போல் இந்த எல்லையைக் காண வேண்டியவர் இனித்தான் வர வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் நம் நாட்டுக்கும் ஒரு லைகோ அமைக்க 2023 இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. இவ்விதழைப் படிக்கும் நண்பர் சிலர் அங்கே பணியாற்றவும் கூடும்.

சந்திரசேகர் நம்மவர் என்று மார்தட்டிக்கொள்வது எளிது. இனப் பெருமையால் அந்தக் கணக்கு மெய்யாகவில்லை. ஒரு விதியை விடாது பிடித்து அதன் முடிவு வரை சென்றதால் மெய்யாயிற்று. எடிங்டனின் புகழாலும் அது பொய்யாகவில்லை. எனவே பெருமையை ஓரமாக வைத்துவிட்டு அந்த 1935 ஆம் ஆண்டு அவையை எண்ணிப் பார்ப்போம். நாளை நாமும் அத்தகைய அவைகளில் அமர்வோம். இளையவர் ஒருவர் எழுந்து, பெரியவர் ஒருவருக்குப் பிடிக்காத முடிவைச் சொல்வார். நம்மில் எல்லோராலும் சந்திரசேகர் ஆக முடியாது. ஆனால் அவர் சொல்வது சரி என்று நமக்குத் தெரிந்திருந்தால், எழுந்து அதைச் சொல்ல முடியும். அன்று அந்த அவையில் இல்லாமற் போனது அதுதான்.